கரை சேர்ந்தவர்கள்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று சுவாமி தரிசனம். மற்றொன்று பட்டுப் புடவை. வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு, வரதர் கோயில் இட்லியையும் ருசி பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவாமியைச் சேவிக்கும்போதும், அந்தப் புடவையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாரும் அதைக் கேட்பதில்லை. "நீங்கள் எந்த ஊர்?" என்பதுதான் அது.

சுவாமியைப் பார்த்தா ஊர் கேட்பது என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். கேட்கலாம், தப்பில்லை. காஞ்சியின் வரதராஜப் பெருமாளே ஒரு காலத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, வேறொரு சீமையில் 22 வருஷம் அடைக்கலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்தாம்.

இன்டர்மீடியட் வகுப்பில் சரித்திரத்தை ஒரு பாடமாகப் படித்ததற்கு மேல் எனக்கு அந்தத் துறையில் பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் ஒரு தனி ஆசை உண்டு. இன்ன வருஷம் இன்ன சேனை வந்தது என்று புத்தகம் சொல்லும். அந்தச் சேனை வருகிறது என்று கேள்விப்பட்ட இரவில் ஒரு குடும்பம் எதை எடுத்து மூட்டை கட்டியது, எதை விட்டுவிட்டுப் போயிற்று, போன இடத்தில் யார் கதவைத் திறந்தார்கள் என்று கேட்டுக்கொள்வது எங்கள் தொழில். காஞ்சிபுரத்தைப் பற்றி அந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தால் சுலபத்தில் முடிவதில்லை.

17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஔரங்கசீப்பின் சேனைகள் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தன. 1686-ல் பீஜப்பூர் விழுந்தது. 1687-ல் கோல்கொண்டா விழுந்தது. அடுத்தது நாம்தான் என்று காஞ்சி மக்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. 1688-ஐ ஒட்டி, வரதராஜர், ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் ஆகிய மூன்று கோயில்களின் மூர்த்திகளையும் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பாடை கட்டி, துணி போர்த்தி, பிணம் என்று சொல்லி வழிநெடுக எடுத்துப் போனார்கள் என்பது இன்றும் ஊரில் வழங்கும் கதை. உயிரோடு இருக்க வேண்டுமானால் செத்தவனாக வேஷம் போட வேண்டும் என்பது எல்லாத் தேசத்து அகதிகளுக்கும் தெரிந்த தந்திரம். அது தெய்வத்துக்கும் பொருந்தியது.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். இன்றைக்கு அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது காடு சூழ்ந்த பாளையம். பாளையக்காரர் ஆதரவு கொடுத்தார். வருஷங்கள் ஓடின. காஞ்சியில் ஆபத்து நீங்கியது. சுவாமியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. உடையார்பாளையத்தார் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

இந்த மறுப்பைச் சிலர் பேராசை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 22 வருஷம் என்பது ஒரு தலைமுறை. அந்த ஊரில் பிறந்த ஒரு குழந்தை, வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, தன் குழந்தையையும் அந்தப் பெருமாள் முன்னால் கிடத்தியிருக்கும். "இவர் உங்கள் பெருமாள் இல்லை, காஞ்சிப் பெருமாள்" என்று சொன்னால் அதற்கு எப்படிப் புரியும்? வந்தவர் தங்கிவிட்டால், வந்தவர் மட்டும் மாறுவதில்லை. இடம் கொடுத்தவரும் மாறிவிடுகிறார். அகதிகளைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் பாதி உண்மை இது.

கடைசியில் ஆத்தான் ஜீயர் என்ற துறவியின் முயற்சியாலும், ஆற்காட்டுப் பகுதியை ஆண்டவரின் படைத்தலைவர்களில் ஒருவரான லாலா தோடர்மல்லின் தலையீட்டாலும், 1710-ல் பெருமாள் காஞ்சிக்குத் திரும்பினார். தாயார் சந்நிதியின் முன்னுள்ள கல்வெட்டு இந்தச் செய்தியைச் சொல்லுகிறது. மொகலாயச் சேனைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன சுவாமியை, மொகலாய ஆட்சியின் படைத்தலைவர் ஒருவரே திருப்பிக் கொண்டுவந்தார். சரித்திரத்துக்கு இந்த மாதிரி வேடிக்கைகள் பிடிக்கும்.

ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. தங்கக் காமாட்சி திரும்பவில்லை.

பங்காரு காமாட்சி என்று பெயர் பெற்ற அந்தப் பொன் விக்கிரகத்தை அர்ச்சகர் குடும்பம் ஒன்று ஊர் ஊராக எடுத்துக்கொண்டு அலைந்தது. உடையார்பாளையத்துக்குப் பிறகும் பல இடங்கள், திருவாரூரில் நெடுங்காலம், கடைசியில், 1780-களில் ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டித் தஞ்சாவூர். அங்கே மராட்டிய அரசர் ஆதரவில் மேலராஜவீதியில் கோயில் ஏற்பட்டது. இன்றும் அம்மன் அங்கேதான் இருக்கிறாள். அலைந்த அந்தக் குடும்பத்தில், 1762-ல், திருவாரூரில் ஒரு பிள்ளை பிறந்தது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள்தாம் அவர்.

யோசித்துப் பாருங்கள். காஞ்சியில் பிறக்காத ஒருவர், காஞ்சிக் காமாட்சியைத் தஞ்சாவூரில் பூஜை செய்துகொண்டு, தெலுங்கில் அவளைப் பாடினார். அந்தப் பைரவி ராக சுவரஜதியைக் கேட்டு உருகுகிற தமிழர் யாரும், "இது எந்த ஊர்ச் சொத்து?" என்று கேட்பதில்லை. போன ஊரிலேயே வேர் விட்டுவிட்டால் இழப்பு என்று நினைக்கிறோம். வேர் விட்டதனால் கிடைத்ததை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

தெய்வங்களை யாராவது தூக்கிக்கொண்டு போகிறார்கள். மனிதர்கள் தங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இனி காஞ்சியின் மனிதர்களுக்கு வருகிறேன்.

காஞ்சிபுரத்து நெசவு இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியில் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த நெசவாளர்களிடம், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்படைத்து, அவர்களுக்கு வரிச் சலுகையும் கொடுத்த செய்தியை அதில் காணலாம். தறியில் உட்காருகிறவனைக் கோயில் கணக்குக்குக் காவலாக வைத்த ஊர் அது. இப்படித் தொழிலும் கௌரவமுமாக உள்ளூர்க்காரர்கள் நிலைத்துவிட்ட ஊருக்கு, அதே தொழில் தெரிந்த வெளியூர்க்காரர்கள் மூட்டை முடிச்சுடன் வந்து நின்றால் என்ன நடக்கும்?

நம் காலமாக இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காஞ்சியில் செங்குந்தர், சாலியர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று பல சமூகத்தாரும் ஒரே தொழிலில், ஒரே ஊரில் சேர்ந்து இருக்கிறார்கள். இவர்களில் செங்குந்தர் தமிழ் பேசுகிறவர்கள். சாலியரிலும் தேவாங்கரிலும் பலருக்கு வீட்டுப் பாஷை தெலுங்கு அல்லது கன்னடம். விஜயநகரப் பேரரசின் காலத்தில் வடக்கேயிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்பார்கள். எல்லோரையும்விடத் தூரத்திலிருந்து வந்தவர்கள் சௌராஷ்டிரர்கள். பட்டுநூல்காரர் என்று பழைய காகிதங்களில் எழுதியிருக்கும். மதுரையில் அவர்கள் தொகை அதிகம். கும்பகோணம், அய்யம்பேட்டை, சேலம், பரமக்குடி, ஆரணி, வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம் என்று பட்டும் பருத்தியும் நெய்கிற ஊர்கள் பலவற்றிலும் அவர்கள் உண்டு.

இவர்கள் கதை குஜராத்தில் ஆரம்பிக்கிறது. 1026-ல் சோமநாதபுரத்தைக் கஜினி முகமது கொள்ளையடித்த காலத்துக்குப் பிறகு புறப்பட்டதாக அவர்களுடைய வழிவழிச் செய்தி. முதலில் தேவகிரி. அங்கே யாதவ அரசர்களின் ஆதரவு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவகிரி டில்லி சுல்தான்கள் கையில் போயிற்று. பிறகு விஜயநகரம். 1565-ல் தலைக்கோட்டை யுத்தத்தில் அந்தப் பெரிய நகரமும் அழிந்தது. பிறகு இன்னும் தெற்கே, நாயக்கர் ஆண்ட ஊர்கள். ஒவ்வொரு தடவையும் ஓர் அரசு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இவர்கள் தறியைப் பிரித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

இந்தப் பிரயாணத்துக்குத் தேசப்படம் வேண்டியதில்லை. அவர்களுடைய பாஷையே தேசப்படம். அடித்தளம் குஜராத்தி, மராத்திக்கு உறவான வடநாட்டு மொழி. அதன்மேல் கன்னடமும் தெலுங்கும் கலந்திருக்கின்றன. அதற்கும் மேல் தமிழ். தங்கின ஊர்களிலெல்லாம் ஒரு பிடி சொற்களை முடிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரை டி. எம். ராமராய் அந்த மொழிக்கு அச்செழுத்து வார்த்துப் பாடப் புத்தகங்களும் போட்டார்.

இன்னொரு வழக்கமும் அவர்களிடம் இருந்திருக்கிறது. கல்யாணத்தில் பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சபையில் உட்கார்ந்து, கேள்வியும் பதிலுமாகத் தங்கள் பூர்விகத்தைச் சொல்லுவார்கள். எங்கிருந்து வந்தோம், எந்த ஊரில் தங்கினோம், ஏன் கிளம்பினோம் என்று சபையறியச் சொல்லி முடிப்பார்கள். இந்த வழக்கத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டு நெசவாளர் கூட்டமாகக் குடிபெயர்ந்ததற்கு நம் நாட்டில் இன்னும் பழைய சாட்சியம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்து மண்டசோரில், அந்நாளில் தசபுரம் என்ற ஊரில், குப்தர் காலத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வத்சபட்டி என்ற கவி வடமொழியில் இயற்றியது. தெற்குக் குஜராத்தான லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று தசபுரத்துக்கு வந்தது. 437-ஐ ஒட்டி அவர்கள் சூரியனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். அது பழுதானதும் 473-ல் அவர்களே புதுப்பித்தார்கள். வந்தவர்களில் சிலர் நெசவையே தொடர்ந்தார்கள். சிலர் வில்வித்தைக்குப் போனார்கள். சிலர் சோதிடத்தில் வல்லவர்களானார்கள். சிலர் கதை சொல்லுவதில் பேர் வாங்கினார்கள் என்றெல்லாம் அந்தக் கல்வெட்டு விவரிக்கிறது.

அவர்களுக்கும் நம் சௌராஷ்டிரர்களுக்கும் ரத்த உறவு உண்டு என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நிரூபிப்பது எளிதல்ல. எனக்கு வேண்டியது அந்த உறவு அல்ல. அந்தக் கல்லில் இரண்டு விஷயங்கள் என் மனத்தைத் தொட்டன. முதலாவது, அவர்கள் கோயில் கட்டினார்கள் என்பது. திரும்பிப் போகிற எண்ணம் உள்ளவன் கூரை போட்டுக்கொள்வான்; கோயில் கட்டமாட்டான். கட்டினவர்கள் "இனி இதுதான் எங்கள் ஊர்" என்று முடிவு செய்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், ஊரும் அவர்களைக் கட்ட விட்டது. இரண்டாவது, நெசவாளன் பிள்ளை நெசவாளனாகவே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தான் விரும்பிய தொழிலுக்குப் போக முடிந்தால், அவன் ஊரின் பிள்ளையாகிவிட்டான் என்று அர்த்தம்.

அந்தக் காலத்து அரசர்கள் தயாள குணம் உள்ளவர்கள், அதனால் ஆதரித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குக் கணக்குத் தெரியும். பட்டு வேண்டும், பட்டினால் வரும் வரி வேண்டும். நெசவாளனுக்கு நிலம் கிடையாது. ஆகவே அவனைக் கட்டிப்போடக் கயிறும் கிடையாது. வரி தாங்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவான். அப்படிப் போனவர்களை வரியைக் குறைத்துத் திரும்ப அழைத்த செய்திகள் விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில் உண்டு. நடக்கத் தெரிந்த கால்கள்தாம் நெசவாளனுடைய பலம்.

வந்தவர்களுக்கு எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. மதுரையில் ராணி மங்கம்மாள் ஆட்சியில் பட்டுநூல்காரர் பதினெட்டுப் பேர், ஆவணி அவிட்டம் செய்தார்கள் என்பதற்காகச் சிறைப்பட்டார்கள். "பிராமணச் சடங்கு செய்ய உங்களுக்கு என்ன உரிமை?" என்பது கேள்வி. மங்கம்மாள் சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கூட்டி விசாரித்தாள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. 1705-ல் அது ஓலையில் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த ஓலையை அவர்கள் எவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இந்தச் சம்பவத்தில் கசப்பான உண்மை ஒன்று இருக்கிறது. நம்முடைய பழைய ஊர்கள் வந்தவனுக்கு இடம் கொடுத்தன. ஆனால் அந்த இடம் ஒரு தனி வீதி, ஒரு தனிப் பெட்டி. சாதிக்கு ஒரு பெட்டியாக அடுக்கி வைத்த ஊரில் இன்னொரு பெட்டி சேர்ப்பது சுலபமாக இருந்தது. அதைச் சமத்துவம் என்று மயங்கக் கூடாது. எந்தப் பெட்டி மேலே, எந்தப் பெட்டி கீழே என்ற சண்டைதான் 1705-ல் ஓலைக்கு வந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு சடங்கைப் பற்றியது. இருப்பைப் பற்றியது அல்ல. "நீ இந்த ஊரில் இருக்கலாமா?" என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எப்போதோ முடிந்துபோயிருந்தது.

கடல் கடந்து ஓர் உதாரணம் சொல்லுகிறேன். காஞ்சிப் பெருமாள் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1685-ல், பிரான்சு தேசத்து அரசர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களுக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்தார். ஹ்யூகனோ என்ற அந்தப் பிரிவினர் ஆயிரக்கணக்கில் தேசத்தைவிட்டு ஓடினார்கள். அவர்களிலும் பட்டு நெசவாளர்கள் இருந்தார்கள். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பேட்டையில் தறி போட்டார்கள். அவர்களைக் குறிக்கத்தான் 'ரெஃப்யூஜி' என்ற சொல் ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு வந்தது. அடைக்கலம் தேடி வந்தவர் என்பது அதன் பொருள். நம் சொல்லைப் பாருங்கள்: அகதி. கதியற்றவன். அவர்கள் சொல்லில் போக ஓர் இடம் இருக்கிறது. நம் சொல்லில் அதுவும் இல்லை.

அந்தப் பேட்டையில் 1743-ல் ஹ்யூகனோக்கள் ஒரு மாதா கோயில் கட்டினார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகள் ஆங்கிலேயர்களாகிக் கலைந்துபோனார்கள். பிறகு அது மெதடிஸ்டுகளின் கோயிலாயிற்று. 1898-ல், ருஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதர்களின் தொழுகைக் கூடமாயிற்று. யூதர்களும் கலைந்துபோனார்கள். 1976 முதல், வங்காள தேசத்திலிருந்து வந்தவர்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. கட்டடம் ஒன்று, கதவும் ஒன்று. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, இருந்து, ஊரில் கலந்து, அடுத்தவனுக்கு இடம் விட்டார்கள். அங்கே பிரெஞ்சுக்காரன் ஆங்கிலேயனாக மாறி மறைந்தான். நம் காஞ்சியிலோ சௌராஷ்டிரர் சௌராஷ்டிரராகவே இருந்துகொண்டு காஞ்சிக்காரரும் ஆனார். இரண்டு வழியும் உண்டு போலிருக்கிறது.

காஞ்சியில் நெசவாளர் வீதி ஒன்றில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்த இரண்டாவது வழியை நேரில் கண்டேன். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்த மனைவியிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். டெலிபோன் வந்தது, அதில் தெலுங்கு பேசினார். பக்கத்து வீட்டு முதலியார் எட்டிப் பார்த்ததும் சுத்தமான செங்கல்பட்டுத் தமிழ்.

பட்டின் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் வருவது எப்படி என்று கேட்டேன்.

"அதுக்குப் பேருதாங்க கோர்வை" என்றார். "உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு பக்கத்துக் கரைக்கும் ரெண்டு நாடா. ஆக மூணு நாடா ஓடணும். ஒவ்வொரு ஊடைக்கும் கரை இழையும் உடல் இழையும் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கிட்டுத் திரும்பணும். ஒரு இடம் விட்டாலும் அங்கே ஓட்டை விழும். சரியாக் கோத்துட்டா, புடவை நைஞ்சாலும் கரை பிரியாதுங்க."

"நிறம் கலந்துவிடாதா?"

"கலந்தா அது கோர்வை இல்லீங்களே!" என்று சிரித்தார்.

"பெரியவருக்குச் சொந்த ஊர்?" என்று கேட்டேன்.

"இதுதாங்க, காஞ்சிபுரம்" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "கல்யாணத்துலே கேட்டா மட்டும் சௌராஷ்டிரம்னு சொல்லுவோம்" என்றார்.

ஓர் ஊர் ஒருவனை ஏற்றுக்கொண்டது என்பதற்கு இந்தப் பதிலைவிடச் சரியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அவர் எதையும் மறக்க வேண்டியிருக்கவில்லை. மறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. வாங்கினது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. காஞ்சிக்கு மேற்கே உள்ள வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். தியாகராஜ சுவாமிகளின் நேர் சீடர். குருவின் கீர்த்தனைகளை அவரும் அவர் வழியினரும் எழுதிக் காப்பாற்றிய ஏடுகள் இல்லாவிட்டால் நமக்கு எவ்வளவு நஷ்டமாகியிருக்கும்! குஜராத்திலிருந்து வந்தவர்களின் வம்சத்தில் பிறந்தவர், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தெலுங்குப் பாடல்களைப் பாதுகாத்தார். அந்த ஏடுகள் மதுரைச் சௌராஷ்டிர சபையின் பாதுகாப்பில் இருக்கின்றன. வந்தேறிகள் என்று சிலரை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இந்த ஏடுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது நல்லது.

இவ்வளவும் பழங்கதை. பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிட்டால் கட்டுரை சுகமாக முடிந்துவிடும். ஆனால் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் கடல் தாண்டி வர ஆரம்பித்தார்கள். 2009-ல் யுத்தம் முடிகிறவரையில் அலை அலையாக வந்தார்கள். மண்டபத்தில் இறங்கினவர்களை அரசாங்கம் மாநிலம் முழுவதும் முகாம்களில் குடிவைத்தது. உணவுப் பொருளும் உதவித் தொகையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கொடுத்தது. அதை மறுப்பது நன்றியில்லாத பேச்சு. 2021-ல் கணக்கிட்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் இருந்தார்கள். அந்த வருஷம் தமிழக அரசு, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இடிந்துகொண்டிருந்த வீடுகளுக்குப் பதில் 7,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டவும் திட்டம் போட்டது. கதியற்றவன் என்ற சொல்லை எடுத்தது நல்ல காரியம்.

ஆனால் சொல் போன பிறகும் நிலைமை இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பாருங்கள்: 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவன் பிறப்பினாலேயே குடிமகன். அதற்குப் பின்னால் பிறந்தவனுக்கு, தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் கடுமையாகிவிட்டது. ஆகவே இங்கே பிறந்து, இங்கே தமிழ் படித்து, இலங்கையைக் கண்ணாலும் காணாமல் முப்பது வயதைத் தாண்டிவிட்ட ஒருவன், தாய் தந்தையர் இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றால், இந்தியன் ஆகிவிடுவதில்லை. படித்து எஞ்சினீயர் ஆகலாம். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட முடியாது. தசபுரத்து நெசவாளன் பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு இவனுக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. பெயருக்கு நேரே பதிவேட்டில் இன்னும் பழைய நாட்டின் பெயர்தான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றே. குஜராத்திலிருந்து, நமக்குப் புரியாத ஒரு பாஷை பேசிக்கொண்டு வந்தவர்களை நம் ஊர்கள் தங்களவர்களாக ஆக்கிக்கொண்டன. நம் பாஷையே பேசிக்கொண்டு, நம் தெய்வங்களையே கும்பிட்டுக்கொண்டு, ஒரு சிறு கடலைத் தாண்டி வந்தவர்கள், நாற்பது வருஷமாகியும் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பாஷை ஒன்றாயிருப்பது ஒருவனை ஊர்க்காரனாக்காது போலும். அந்நாளில் வந்தவனிடம் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். இந்நாளில் "உன்னிடம் என்ன காகிதம் இருக்கிறது?" என்று கேட்கிறோம். முதல் கேள்விக்குக் கைகள் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு, தீ வைத்த வீட்டிலிருந்து ஓடி வந்தவன் என்ன பதில் சொல்ல முடியும்?

நவீன அரசாங்கங்களுக்கு எல்லையும் சட்டமும் வேண்டும் என்பதை நான் அறியாதவன் அல்ல. நாயக்கர் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சாதிப் பெட்டிகளும் நமக்கு வேண்டாம். திரும்பிப் போக விரும்புகிறவன் பெருமாளைப் போலத் திரும்பிப் போகட்டும், மரியாதையோடு அனுப்பிவைப்போம். தங்க விரும்புகிறவனுக்குக் காமாட்சியைப் போல ஒரு வீதியில் இடம் இருக்கட்டும். இரண்டில் எது வேண்டும் என்று அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ள ஒரு தலைமுறைக் காலம் போதாதா?

அந்தக் கல்யாணச் சபையை நினைத்துக்கொள்கிறேன். "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர் ஊராகப் பெயர் சொல்லுகிறார். கேட்கிறவர்கள் பெருமையோடு கேட்கிறார்கள். முகாமிலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து அதே கேள்வி. அங்கே பதில் சொல்லுகிறவன் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறான். இந்த இரண்டு சபைகளுக்கும் நடுவில் இருக்கிற தூரம், குஜராத்துக்கும் காஞ்சிக்கும் இருக்கிற தூரத்தைவிட அதிகம். அதை நடந்து கடக்க வேண்டியவர்கள் வந்தவர்கள் அல்ல. நாம்தான்.